முப்பத்து நான்கு இலை, இருபத்தொன்பது பேர்

பிரிக்பீல்ட்ஸ்,
19 பிப்ரவரி 2024

அன்புள்ள இராஜம்மா அக்காவுக்கு,

நேற்று உங்கள் தம்பியின் மூன்றாம் வருடத் திதிச் சாப்பாட்டுக்கு அந்திநிழல் முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன் விமலன், இல்லத்து சூப்பர்வைசர் தங்கமணி, வீட்டைக் கொடுத்திருக்கும் சங்கத்தின் செயலாளர் வேலாயுதம், பராமரிப்புக் கம்பெனியிலிருந்து கேமராவோடு வந்த ஒருவர், பந்தியில் உட்கார்ந்த பெரியவர்கள் இருபத்தொன்பது பேர். பெண்கள் பதினெட்டு, ஆண்கள் பதினொன்று. உங்களையும் சேர்த்துத்தான்.

சீதாலெட்சுமி வணக்கத்தோடு எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் இங்கே சுகம். உங்கள் முட்டிவலி எப்படி? தைலம் மிச்சம் இருக்கிறதா? உங்கள் போனை ஆபீஸ் அலமாரியில் வைத்துக்கொண்டு ஞாயிறு பத்து நிமிடம் ஸ்பீக்கரில் பேச விடுகிறார்கள். எல்லார் காதிலும் விழும்படி என்ன பேச முடியும்? அதனால்தான் கடிதம்.

திதி வியாழக்கிழமை. ஞாயிறென்றால்தான் விமலன் செமினியிலிருந்து வர முடியும் என்று மாற்றி வைத்தேன். அவருடைய ஆத்மா பொறுத்துக்கொள்ளும்.

ஒரு சந்தேகம். ஆபீஸில் முப்பத்து நான்கு பேர் என்றார்கள். பாசாரில் முப்பத்து நான்கு இலைதான் வாங்கினேன். மடித்துப் போட்ட இலைகளை எண்ணினால் இருபத்தொன்பது. மீதி ஐந்தில் பரிமாறச் சொல்லித் தங்கமணி உள்ளே வாங்கிக்கொண்டாள். அந்த ஐந்து பேர் யார்? என் நோட்டில் வருடா வருடம் அங்கே சாப்பிட்டவர்கள் பெயர் எழுதுவேன். இந்த முறை ஐந்து வரி காலியாக இருக்கிறது, மனதுக்கு ஒப்பவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சீதாலெட்சுமி


கிள்ளான்,
27 பிப்ரவரி 2024

அன்புள்ள சீதாவுக்கு ஆசீர்வாதம்.

நான் சுகம். நீயும் விமலனும் சுகமாக இருக்க வேண்டும். தைலம் இருக்கிறது.

சாப்பாடு நன்றாக இருந்தது. முப்பத்து நான்கு பேரும் சாப்பிட்டோம். இங்கே எல்லாரும் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். தங்கமணி தங்கமான பெண்.

உங்கள் ஃபிளாட் லிஃப்ட் சரியாகிவிட்டதா? ஒன்பதாவது மாடிக்கு இந்த முட்டியோடு ஏற முடியாது என்றுதானே மூன்று மாதத்துக்கு என்று இங்கே வந்தேன். ஒன்பது மாதம் ஆகிறது. சும்மா கேட்டேன்.

அன்புடன்,
இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்,
8 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். முப்பத்து நான்கு பேரும் சாப்பிட்டார்கள் என்று படித்ததும் நிம்மதி. ஆனாலும் அந்த ஐந்து பெயர் வேண்டும்.

லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. மேனேஜ்மெண்ட் ஆள்கள் அடுத்த மாதம் என்கிறார்கள்.

சித்திரைக்குக் கேசரி கிண்டிக்கொண்டு வருகிறேன். உங்களுக்கு மட்டும் நெய் கூடப் போட்டு.

இப்படிக்கு,
சீதாலெட்சுமி


கிள்ளான்,
1 ஏப்ரல் 2024

சீதா,

நான் சுகம். நீ சுகமா? இதைக் கொண்டுவருகிறவர் கன்னையா. உங்கள் பிரிக்பீல்ட்ஸில் சலூன் வைத்திருக்கிறவர்தான். மாதத்தின் முதல் திங்கள் இங்கே வந்து, ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லார் தலையையும் ஒட்ட வெட்டிவிட்டுப் போவார். பேன் வருமாம், கம்பெனி உத்தரவு. தபாலில் போகிற கடிதத்தைத் தங்கமணி படித்துப் பார்த்துத்தான் ஒட்டுகிறாள். அவள் தங்கமான பெண் என்று நான் எழுதினதையும் படித்துவிட்டுத்தான் ஒட்டினாள்.

உன் ஐந்து பேருக்கு வருகிறேன். பின்கட்டில் பழைய ஸ்டோர் ரூம் ஒன்று இருக்கிறது. எழுந்து நடக்க முடியாத ஐந்து பேரை அதில் போட்டிருக்கிறார்கள். விருந்தாளி வருகிற நாளில் கதவைப் பூட்டி, வெளியே வாசனை ஸ்பிரே அடிப்பார்கள். படத்தில் அவர்கள் விழக்கூடாது. என் சிநேகிதி சாந்தமேரி அங்கேதான் கிடக்கிறாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, தையல் டீச்சராக இருந்தவள். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாய் போகவில்லை. "ராஜம், இன்னிக்கு யாரு பர்த்டே? என் நாத்தத்தையும் தாண்டி கேக் வாசனை வருதே" என்பாள்.

நீ வந்த ஞாயிறு, உனக்கு முன்னால் ஒரு பர்த்டே, பின்னால் ஒரு அறுபதாம் கல்யாணம். ஞாயிறன்று மூன்று விருந்து. புதன்கிழமை காய்ந்த ரொட்டியும் பால் விடாத சாயத்தண்ணியும். நீ வந்த அன்று பத்து மணிக்கே எங்களுக்குப் புடவை கட்டி உட்கார வைத்துவிட்டார்கள். நீ கோயில் பூஜை முடித்து வந்தது ஒன்றே காலுக்கு. அதுவரை பாத்ரூமுக்குக் கூட எழுந்திருக்கக் கூடாது, வரிசை கலைந்துவிடும். எனக்குப் பக்கத்துப் பெரியவர் உட்கார்ந்தபடியே மூத்திரம் போய்விட்டார். அந்த ஈரத்தில் இருந்துகொண்டுதான் உன் பாயசத்தைக் குடித்தார். நீ அவர் தோளைத் தொட்டு, "நல்லா சாப்பிடுங்க அங்கிள்" என்றாய். படம் எடுத்தார்கள். அந்தப் படம் இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறது.

உன் ஐந்து இலை அடுப்படி மேடையில் ஏழு மணிவரை கிடந்தது. சாம்பார் நுரைத்துவிட்டது. சோறு, சாம்பார், பாயசம் எல்லாவற்றையும் ஒரே வாளியில் பிசைந்து, ஒரே கரண்டியால் ஐந்து வாய்க்கும் ஊட்டினாள் இங்கே வேலை செய்கிற ஒருத்தி. பேம்பர்ஸ் மாற்றின அதே கையுறை. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் அட்டெண்டண்டாக இருந்தவள் நான். பீ மூத்திரம் எனக்குப் புதிதில்லை. அன்று வாந்தி எடுத்தேன்.

கதவைத் திறந்ததும் நான்தான் சாந்தமேரியைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பாவிட்டால் முதுகு பிய்ந்துவிடும். ஏற்கெனவே பிய்ந்திருக்கிறது.

இங்கே வந்து சத்தம் போடாதே. நீ போட்டுவிட்டு கொமுட்டர் ரயில் ஏறிப் போய்விடுவாய். இருக்கிறவர்கள் நாங்கள்.

இராஜம்மா


கிள்ளான்,
15 ஏப்ரல் 2024

அன்புமிக்க திருமதி சீதாலெட்சுமி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். தங்கள் அன்பான வருகைக்கு நன்றி. நான் இங்கு மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன். சங்கமும் கம்பெனியும் கைகோத்து எங்களைப் பெற்ற தாய் போல் பார்த்துக்கொள்கின்றன. இல்லத்தைப் பற்றித் தவறான செய்தி எதையும் நம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்,
5 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை கன்னையா அங்கே வருவதால் இன்று எழுதி அவர் கடையில் கொடுக்கிறேன். சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கவே கூசுகிறது. போன மாதத் தபாலில் வந்தது உங்கள் கையெழுத்து இல்லை. உங்களுடைய எழுத்து இடது பக்கம் சாயும், அது நிமிர்ந்து நின்றது.

வந்து சத்தம் போடாதே என்று நீங்கள் எழுதியும் வந்தேன். புத்தி கெட்டவள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி, நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு. உங்களைப் பார்க்க விடவில்லை, குளித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார்கள். ஒன்றரை மணி நேரமா குளிப்பீர்கள்?

தங்கமணியிடம் பின்னறையைத் திற என்றேன். "ஆன்டி, கதவு, பூட்டு, சுவரு எல்லாம் ஹவுசிங் சைடு. சங்கத்துக்கிட்ட கேளுங்க. நாங்க கேர் மட்டும்தான்" என்றாள். அங்கேயே நின்று வேலாயுதத்துக்குப் போன் போட்டேன். "அக்கா, நாங்க வீடு மட்டும்தான் குடுத்திருக்கோம். உள்ள படுத்திருக்கிறவங்க கம்பெனி பொறுப்பு லா" என்றார்.

"கதவு உங்களுது, கதவுக்குப் பின்னாடி கெடக்குற உயிர் அவங்களுதா?" என்று கேட்டேன்.

"அதான் பார்ட்னர்ஷிப், அக்கா" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டார். "அடுத்த வருஷத் திதிக்கு இப்பவே புக் பண்ணிடவா? ஞாயித்துக்கெழம எல்லாம் சீக்கிரம் ஃபுல்லாயிடும்." போனைத் துடைத்துவிட்டுத்தான் பைக்குள் போட்டேன். அவர் எச்சில் பட்டது போல இருந்தது.

காவலுக்கு நிற்கிற ஜாகா ஏமாந்த நேரத்தில் பின்கட்டுவரை போனேன். கதவைத் தட்டினேன். உள்ளே இருந்து ஒரு குரல், "யாரு? கேக்கா?" என்றது. கதவின் அடியிலிருந்து அந்த வாடை வந்தது. என் முந்தானை தானாக மூக்குக்குப் போனது. அதற்குள் தங்கமணி வந்து தோளைப் பிடித்து வெளியே கொண்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மூன்று வருட நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடமும் கடைசியில், 'எல்லாரும் வயிறார உண்டனர்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மூன்று பக்கத்தையும் கிழிக்கலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. கிழித்தால் எனக்கு வசதியாகப் போய்விடும்.

நான் வந்து போனதால் உங்களுக்கு என்ன ஆனது? எழுதுங்கள்.

சீதாலெட்சுமி


கிள்ளான்,
3 ஜூன் 2024

சீதா,

சுகம். அடிக்கவில்லை, பயப்படாதே. எனக்கு நாலு நாள் பின்கட்டுக்குப் போகத் தடை. அந்த நாலு நாளில் சாந்தமேரி முதுகுப் புண் இரண்டு விரல் அகலம் கூடியது. உன் நோட்டில் அதையும் எழுதிக்கொள்.

நீ போட்ட சத்தத்துக்கு ஒரு பலன் இருந்தது. சங்கமும் கம்பெனியும் சேர்ந்து கூட்டுக் குழு வைத்தார்கள். பார்வையிட வருகிற தேதியை ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். பின்னறைக்கு நீலப் பெயிண்ட் அடித்து, 'தியான அறை' என்று பலகை மாட்டினார்கள். அந்த ஐந்து பேரையும் விடிகாலையிலேயே மெத்தையோடு வேனில் ஏற்றினார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அட்டெண்டண்ட் வேலை தெரியும் என்று என்னையும் ஏற்றினார்கள். குழு போகும்வரை எங்களைப் போர்ட் கிள்ளானில், மீன்பிடிப் படகுகள் கட்டுகிற இடத்தில் நிறுத்தி வைத்தார்கள். நாலரை மணி நேரம். வெயில் ஏற ஏற வேனுக்குள் நாற்றம் தாங்காமல் டிரைவர் இறங்கிப்போய் மரத்தடியில் நின்றுகொண்டான். ஐந்து பேரும் நானும் உள்ளே.

பின்கதவைத் திறந்து வைத்தேன். சாந்தமேரி வெளியே பார்த்துக்கொண்டே கிடந்தாள். "ராஜம், இவனுங்க நம்மள மறைக்கத்தானே கூட்டியாந்தானுங்க? மறைச்சு வைக்க வேற எடமே கெடைக்கலையா, கடலக் காட்டிட்டானுங்களே" என்று சிரித்தாள். பதினோரு மாதத்துக்கு அப்புறம் வானத்தைப் பார்க்கிறாள். ஏசு அவளுக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறாரோ.

குழு கொடுத்த அறிக்கை ஹாலில் ஒட்டியிருக்கிறது. எல்லாம் திருப்தியாம். தங்கி இருப்பவர்கள் இருபத்தெட்டு என்று போட்டிருக்கிறார்கள். ஐந்து பேரோடு என்னையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள்.

லிஃப்ட் சரியாகிவிட்டதா என்று இனிக் கேட்க மாட்டேன். ஏப்ரலில் என் கடிதத்தை உன் வீட்டில் கொடுக்க வந்த கன்னையா லிஃப்டில்தான் ஏறினாராம். "நல்ல லிஃப்டுக்கா, கண்ணாடி எல்லாம் போட்டிருக்கு" என்றார். அவர் ஒன்றும் கோள் சொல்லவில்லை, நான்தான் விசாரித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்,
8 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகமா? இது தபாலில் வருகிறது, அதனால் வேறொன்றும் எழுதவில்லை. தபாலில் வராவிட்டாலும் இன்று எழுதியிருக்க மாட்டேன்.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
30 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சீதாலெட்சுமி எழுதுவது. கும்பிட்டு எழுதுகிறேன் என்று போட எனக்குத் தகுதி இல்லை. சுகம் விசாரிக்கவும் இல்லை.

லிஃப்ட் போன செப்டம்பரிலேயே சரியாகிவிட்டது. உங்களை அங்கே அனுப்பியது லிஃப்டுக்காக இல்லை.

உங்கள் அறையும் சாமி அறையும் ஒரே சுவர். நீங்கள் படுக்கையை நனைக்க ஆரம்பித்த பிறகு விளக்கேற்றும்போதெல்லாம் எனக்கு அந்த வாடைதான் வரும். வந்ததோ இல்லையோ, வந்ததாக நினைத்துக்கொண்டேன். ஊதுபத்தியைக் கூட்டினேன். உங்கள் விரிப்பை நுனிவிரலால் பிடித்து மெஷினில் போட்டேன். நீங்கள் ஹாலைத் தாண்டிப் போனால் பின்னாலேயே மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். ஒரு நாள் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். நான் செடிக்கு ஊற்றுகிறேன் என்றேன். வீட்டுக்குள் செடி ஏது?

அடுத்த வாரமே லிஃப்ட் கெட்டது. சாமி வழி காட்டியதாக நினைத்து அர்ச்சனை செய்தேன். அக்கா, அந்த அர்ச்சனையை நினைத்தால்தான் எனக்கு இப்போது குமட்டுகிறது. தங்கமணி கதவைப் பூட்டி ஸ்பிரே அடிக்கிறாள். நான் என்ன வேறு செய்தேன்? என்னுடையது சந்தன வாசனை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்துவிடுங்கள். உங்களைச் சேர்த்த கையெழுத்து என்னுடையது, எடுக்கவும் நான் போதும். ஒரு வார்த்தை எழுதுங்கள், மறுநாளே வருகிறேன்.

சீதாலெட்சுமி


கிள்ளான்,
1 ஜூலை 2024

சீதா,

கன்னையா கடைசித் தலைக்கு வந்துவிட்டார், வேகமாக எழுதுகிறேன். சுகம்.

எனக்கு அன்றைக்கே தெரியும். முப்பது வருடம் நோயாளிக்குப் பக்கத்தில் நின்றவள் நான். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? நீ கெட்டவள் இல்லை. உன் மூக்கு அப்படி. மஞ்சள் தண்ணீரைத்தான் மறக்க முடியவில்லை. முயற்சி செய்கிறேன்.

நான் வரவில்லை. கோபத்தில் எழுதவில்லை. நான் கிளம்பினால் சாந்தமேரியைத் திருப்பிப் போட ஆள் இல்லை. அந்த நாலு நாளில் என்ன ஆனது என்று எழுதினேனே. நான் உன் வீட்டு மெத்தையில் படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

விஷயத்தை அவளிடம் சொன்னேன். "போ ராஜம், பைத்தியக்காரி. எனக்கு இன்னும் எத்தனை நாள்?" என்றாள். அதனால்தான் போகவில்லை.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று நம் வீட்டில் இருந்தவர்கள்: நான், விமலன், கட்டில் தூக்க வந்த கன்னையா. மூன்றே பேர். கேமரா கிடையாது.

எங்கள் மூவருக்கும் சுகம், கன்னையாவுக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. உங்களுக்கும் சாந்தமேரி அக்காவுக்கும் எப்படி?

சாமி அறையைக் காலி செய்துவிட்டேன். வீட்டிலேயே பெரிய ஜன்னலும் பாத்ரூமும் அந்த அறைக்குத்தான் இருக்கிறது. இத்தனை வருடம் அந்த பாத்ரூமை அடைத்து, அதில் பூஜைப் பாத்திரம் அடுக்கி வைத்திருந்தேன். படங்களை அடுப்படி ஷெல்புக்குக் கொண்டுபோனோம். "ம்மா, சாமி கோவிச்சுக்காதா?" என்று விமலன் கேட்டான். கன்னையாதான் பதில் சொன்னார்: "அவருக்கென்னப்பா, நின்னுக்கிட்டேதானே இருக்காரு. படுத்தாத்தான் எடம் வேணும்."

இரண்டு கட்டில் போட்டாயிற்று. சாந்தமேரி அக்கா தன் சிலுவையை மாட்டிக்கொள்ள ஆணி அடித்திருக்கிறது. வாரம் இரண்டு தரம் வந்து புண்ணுக்குக் கட்டுப்போட நர்ஸ் ஒருவரிடம் பேசிவிட்டேன். ஆளைத் திருப்பிப் போட எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லச் சொல்ல நான் செய்கிறேன். என் மூக்கு சும்மா இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கை முந்தானைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

சாந்தமேரி அக்காவை இல்லத்தில் சேர்த்துவிட்ட அவர் மகன் ஐவனைத் தேடி செராஸுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசல் கேட் கம்பியிலேயே சம்மதத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். "ஆன்டி, நல்லா யோசிச்சுக்குங்க. வேணாம்னு திருப்பி என்கிட்ட அனுப்பக் கூடாது" என்றான். வாங்கிப் போட்ட ஃபேனைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பின்னறையில் மற்ற நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வீட்டில் இடமில்லை, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சமூக நல இலாகாவுக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். வேன், நீலப் பெயிண்ட், இருபத்தெட்டு என்ற பொய்க் கணக்கு, மூன்று வருடம் நான் எழுதிய பொய்க் கணக்கு, எல்லாம் தேதியோடு. நீங்கள் இருவரும் வெளியே வந்த அன்றே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பெயர் போட வேண்டிய இடத்தில் சாந்தமேரி என்று எழுதி, கீழே நான்கு வரி விட்டிருக்கிறேன்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, அந்த நான்கு பேரின் பெயர். இன்னொன்று, சாந்தமேரி அக்காவுக்குக் கட்டிலின் எந்தப் பக்கம் சுவர் இருக்க வேண்டும். அவர் ஜன்னலைப் பார்த்துப் படுக்கும்படி போட வேண்டும், வானம் தெரியும். கட்டிலை நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கன்னையா நாளை அங்கே இருப்பார். அவரிடமே பதிலைக் கொடுத்துவிடுங்கள் அக்கா. சீக்கிரம்.

சீதாலெட்சுமி